புல்லுக்கும் லீவு வேணும்!

கல்யாணமாகி வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தபோது, மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பால் பாக்கெட்டை எப்படி வெட்டுவது என்பது மட்டும்தான். ஈரோடு டவுனில் வளர்ந்தவள் நான்.

புகுந்த வீட்டில் எட்டு ஏக்கர் கொறங்காடு இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்றால் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்திருக்கும் மானாவாரி நிலம். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் பஸ்ஸில் போனால் ரோட்டோரத்திலேயே பார்க்கலாம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேலா மரங்கள். காங்கேயம் மாடுகள் காலங்காலமாக வளர்ந்தது இந்தக் காடுகளில்தான்.

எங்கள் காடு உள்வேலியால் நாலு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. என் மாமியார் ஒரு சமயத்தில் ஒரே ஒரு படலைத்தான் திறந்து விடுவார். அங்கே புல் பாதி உயரத்துக்குக் குறைந்ததும் அதைச் சாத்திவிட்டு அடுத்த துண்டு. மழை பெய்து புல் துளிர்க்கும் நேரத்தில் சில துண்டுகளின் பக்கமே மாடுகளை விடமாட்டார். விதை விழுந்த பிறகுதான் திறப்பார்.

2015ல் அத்தைக்கு முழங்கால் வலி அதிகமாகி, மாடுகள் என் பொறுப்புக்கு வந்தன. இரண்டு காங்கேயம், இரண்டு கலப்பின மாடு. 'பக்கத்துத் துண்டில் புல் நிற்கும்போது எதற்குப் பூட்டி வைக்க வேண்டும்? பாவம், வயிறார மேயட்டுமே' என்று நாலு படலையும் திறந்து விட்டேன். நாளுக்கு நாலு தடவை மாடு மாற்றும் வேலையும் மிச்சம் என்று நினைப்பு.

முதல் மாதம் சொசைட்டியில் ஊற்றிய பால் கூடியது. வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அத்தை மட்டும், "பாத்துக்க அம்மிணி" என்றதோடு நிறுத்திக் கொண்டார்.

மாடுகள் எல்லா இடத்திலும் மேயவில்லை. தண்ணீர்த் தொட்டியையும் மர நிழலையும் சுற்றியே நின்றன. சாணமெல்லாம் அங்கேயே குவிந்தது. இளசான கொழுக்கட்டைப் புல்லையும் நரிப்பயறுக் கொடியையும் தேடித் தேடிக் கடித்தன. அது தளிர்விட்டதும் மறுபடி அதையே கடித்தன. மாடு தொடாத எருக்கும் ஆவாரையும் செழித்தன.

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. எங்கள் நாலு துண்டிலும் மண்தான் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், முறை வைத்து மேய்த்த பங்காளி வீட்டுக் காட்டில் காய்ந்த புல்லாவது நின்றது. நாங்கள் சோளத்தட்டும் தவிடும் விலைக்கு வாங்கினோம். பால் காசு தீவனத்துக்கே போதவில்லை. மாசி மாதம், அத்தை கன்றிலிருந்து வளர்த்த செவலையை விற்றோம். டெம்போவில் ஏற்றும்போது அது கட்டுத்தரையைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. அத்தை வெளியே வரவில்லை. அதன் கிடாரிக் கன்று மட்டும் எங்களிடம் மிஞ்சியது.

அன்று ராத்திரி, "தப்பு என்னுதுதானுங்க அத்தை" என்றேன். பதிலே இல்லை. மறுநாள் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போனார். நடுக்காட்டில் இருந்த ஒரு புல் கட்டையைப் பிடுங்கச் சொன்னார். கையோடு வந்துவிட்டது. வேர் விரல் நீளம்கூட இல்லை. பிறகு கிளுவை வேலிக்கு அடியில், மாட்டு வாய் எட்டாத இடத்தில் இருந்த கட்டையைக் காட்டினார். இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை.

"மாடு கடிச்சா, புல்லு அடிக்கட்டையில சேத்து வெச்சதைச் செலவு பண்ணித்தான் மறுக்கா தளுக்கும். அதைத் திரும்பச் சேக்கறதுக்குள்ள நீ மறுபடி கடிக்க உட்டா, வேரு எப்படி நிக்கும்? மாட்டை மேய்க்கறது பெருசில்ல அம்மிணி, புல்லை வளர உடோணும்."

அந்த வருஷம் மழை விழுந்ததும் நாலு படலையும் சாத்தினேன். மாடுகள் வேலியோரம் நின்று கத்தின. மனசைக் கல்லாக்கிக் கொண்டு கட்டுத்தரையிலேயே தட்டுப் போட்டேன். விதை விழுந்த பிறகு ஒவ்வொரு துண்டாகத் திறந்தேன். காடு பழையபடி ஆக இரண்டு மழைக்காலம் பிடித்தது. இப்போது சாணம் எல்லா இடத்திலும் விழுகிறது. மாடு திரும்பி வருவதற்குள், சாணத்திலிருந்து புல்லில் ஏறும் குடற்புழுக் குஞ்சுகள் பெரும்பாலும் வெயிலில் செத்துவிடும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். மாதம் நாலு மூட்டை தீவனம் வாங்கிய வீட்டில் இப்போது இரண்டு மூட்டை போதுகிறது. புல் மட்டுமே போதும் என்று சொல்லமாட்டேன். கறவைக் கலப்பின மாட்டுக்குப் புண்ணாக்கும் வேண்டும். ஆனால் கோடையில் கடன் வாங்குவதில்லை.

சமீபத்தில் என் மகள் போனில் ஏதோ படித்துவிட்டு வந்தாள். பிரான்ஸ் நாட்டில் ஆந்த்ரே வுவாசான் என்றொருவர், நார்மண்டியில் தன் பண்ணை மாடுகள் மேய்வதைக் கவனித்து 1957ல் புத்தகமே எழுதியிருக்கிறாராம். காடு அழிவது மாடுகளின் எண்ணிக்கையால் அல்ல, அவை எத்தனை நாள் ஒரே இடத்தில் நிற்கின்றன, எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகின்றன என்பதால்தான் என்று சொன்னாராம்.

அத்தை கேட்டார்: "அவரு மாடு வெச்சிருந்தாரா கண்ணு?"

"ஆமாங்க அப்பத்தா."

"அப்பச் சரியாத்தான் சொல்லியிருப்பாரு."

அந்தக் கிடாரிக் கன்று இப்போது மூன்றாவது ஈற்றில் இருக்கிறது. அதுவும் செவலைதான். போன மாதம் கன்று போட்டபோது சீம்பாலை முதலில் பங்காளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அத்தையால் இப்போது காட்டுக்கு நடக்க முடியாது. சாயங்காலம் நான் திண்ணையில் கால் வைத்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"படலைச் சாத்திட்டயா அம்மிணி?"

"சாத்திட்டனுங்க அத்தை."