தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்

காஜாங்

அன்புத் தோழிக்கு,

கிள்ளான் வீட்டுக்கு மூவாரிலிருந்து ரப்பர் பலகை மேசை வந்துவிட்டதாம், என்ன எண்ணெய் பூசலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் ஒரு வம்பைக் கேள்.

எங்கள் தெருக்கோடி அக்கா, பெண் பார்க்க வருகிறார்கள் என்று சாப்பாட்டு மேசையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். வந்த சம்பந்தியம்மாவின் பட்டு முந்தானையில் கறை! இப்போது மேசையிலிருந்து சிக்கு வாடை வேறு. தெருவெல்லாம் இதே பேச்சுதான்.

அக்காவைப் பார்த்துச் சிரித்து என்ன பயன்? தேங்காய் எண்ணெய் மரத்தில் காயவே காயாது, கெட்டுத்தான் போகும். ஆளிவிதை எண்ணெயும் சீனத்து டங் எண்ணெயும் அப்படியில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டிப்படும்.

ஆளிவிதை மலிவுதான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பச்சை எண்ணெய் லேசில் காயாது, பூஞ்சையும் பிடிக்கும். டப்பாவில் 'காய்ச்சியது' என்று போட்டிருப்பதைப் பெரும்பாலும் காய்ச்சுவதே இல்லை. சீக்கிரம் காய உலோக உப்பு கலக்கிறார்கள். நாளாக ஆக மஞ்சளிக்கும், வெளிர் ரப்பர் பலகையில் அது பளிச்சென்று தெரியும். டங் எண்ணெய் அவ்வளவு மஞ்சளிக்காது, தண்ணீரையும் கூடுதலாகத் தாங்கும். விலை கொஞ்சம் அதிகம் என்றாலும் உன் மேசைக்கு அதுதான். 'தேக்கு எண்ணெய்' டப்பாவைப் பார்த்து மயங்காதே. அதில் தேக்கு கிடையாது. பெரும்பாலும் ஏதோ எண்ணெயும் வார்னிஷும் கரைப்பானும் சேர்ந்த கலவை. சுத்தமான டங் என்று கேட்டு வாங்கு.

மட்டமான பலகை என்று உன் நாத்தனார் மூக்கைச் சுளித்தாராமே? அவருக்குச் சொல்: இதே காஜாங்கில் இன்ச் கென்னத் தோட்டத்தில் 1890களிலேயே ரப்பர் பால்மரம் நட்டார்கள். நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால் வெட்டினார்கள். 25, 30 வருஷத்தில் பால் குறைந்த மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் போனது. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் போரான் மருந்து ஏற்றப் பழகிய பிறகு, 1980களிலிருந்து அதுவே மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்கும் கப்பலேறுகிறது. மட்டமாம், மட்டம்!

சரி, வேலைக்கு வா. 220ஆம் நம்பர் உப்புத்தாளால் மர இழையோட்டத்தின் திசையிலேயே தேய்த்துத் தூசியைத் துடை. எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதை ஒட்டத் துடைத்துவிடு. பிசுபிசுப்பு வருவதே துடைக்காமல் விடுவதால்தான். தொட்டுப் பார்த்து நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. மூன்று நான்கு போதும். முழுதாக இறுக ஒரு மாதம் போல ஆகும், அதுவரை சூடான சட்டியை வைக்காதே.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடு, இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய டின்னில் போட்டு மூடு. மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உன் பிரியமுள்ள தோழி