ஏற்காடும் ஆடிப்போன படங்களும்

என் பொண்ணு போன மாசம் பீரோவைக் குடைஞ்சு எங்க பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்துட்டா. 2006-ல வாங்கினது. ஏழு மெகாபிக்சல், மூணு மடங்கு ஜூம், சோப்பு டப்பா சைசு. காலேஜ் பசங்க மத்தியில இப்ப இதுதான் ஃபேஷனாம். நாம தூக்கிப் போட்டதை எல்லாம் இதுங்க தேடித் தேடி எடுக்குதுங்க :)

சரின்னு சேலத்துல இருந்து ஒரு நாள் ஏற்காடு கிளம்பினோம். அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. மேல போனா சுமார் 1,500 மீட்டர் உயரம், மூஞ்சியில வந்து மோதுற பனிமூட்டம். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், ஏரி, சேர்வராயன் கோயில்னு சுத்தி நூத்துச் சொச்சம் படம் எடுத்தா. (பகோடா பாயிண்ட்ல பகோடா கிடைக்கும்னு சின்ன வயசுல நான் நம்பினது தனிக்கதை.)

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா முக்கால்வாசி மங்கல். "அப்பா, கேமரா அவுட்டு"ன்னுட்டா. தங்கமணி வழக்கம் போல, "பழைய சாமானை வச்சிக்கிட்டு எதுக்கு இந்த அலப்பறை"ன்னு ஒரு போடு.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. உக்காந்து ஒவ்வொரு படமா பெருசு பண்ணிப் பார்த்தேன். பாத்ததுல தெரிஞ்சது, மங்கல்னு நாம ஒரே வார்த்தையில சொல்லிடறோம், ஆனா அதுல பல வகை இருக்கு. வகை தெரிஞ்சா வைத்தியம் சுலபம்.

முதல் வகை, லேடீஸ் சீட்ல எடுத்தது. முன்னாடி இருக்கிற கம்பியும் அதுல நிக்கிற தண்ணிச் சொட்டும் பளிச்சுனு இருக்கு, பின்னாடி மலை அவுட். இது ஃபோகஸ் தப்பினது. இந்தச் சின்ன கேமராக்கள் கருப்பு-வெளுப்பு வித்தியாசம் எங்க நல்லாத் தெரியுதோ அங்கதான் ஃபோகஸ் பிடிக்கும். பனிக்குள்ள எல்லாமே ஒரே சாம்பல். பாவம், அது எதைப் பிடிக்கும்? கிட்ட இருக்கிற கம்பியைப் பிடிச்சுக்கும். மலைப் படம் போட்ட மோடு இருந்தா அதுக்கு மாத்தணும். இல்லாட்டி தூரத்துல ஒரு மரத்தோட விளிம்பைக் காட்டி, பட்டனை பாதி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் திருப்பி எடுக்கணும். பூ படம் போட்ட மோடுல இருக்கான்னும் பார்த்துக்கணும். அது கிட்டத்துச் சமாச்சாரம். எங்க பொண்ணு காப்பிப் பழத்தைக் கிட்டத்துல எடுத்துட்டு மாத்தவே மறந்துட்டா.

ரெண்டாவது, படம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி. விளக்கைச் சுத்தி ஒளிவட்டம், சாமி படம் மாதிரி. இது ஏரிக்கரையில எடுத்தது. குற்றவாளி யாருன்னா மிளகாய் பஜ்ஜி! பஜ்ஜி தின்ன விரலால லென்ஸைத் தொட்டிருக்கா. மெத்துன்னு சுத்தமான துணியால துடைச்சா போச்சு.

இதே மாதிரி இன்னொண்ணும் உண்டு. குளிர்ல சுத்திட்டு டீக்கடைக்குள்ள நுழைஞ்சா பாய்லர் ஆவியில மூக்குக் கண்ணாடி வேர்க்குமே, லென்ஸுக்கும் அதே கதிதான். அதைத் துடைக்கக் கூடாது. பைக்குள்ள வச்சு மூடிட்டு டீயைக் குடிச்சு முடிங்க, தானா சரியாயிடும்.

மூணாவது, சேர்வராயன் கோயில் பக்கம் எடுத்தது. படம் பூரா வெள்ளை உருண்டை. பொண்ணு ஆவின்னே முடிவு பண்ணிட்டா. ஆவியும் இல்ல, சாமியும் இல்ல. காத்துல மிதக்கிற பனித்துளியில ஃப்ளாஷ் பட்டுத் திரும்பி வருது. பனியில ஃப்ளாஷை நிறுத்திடணும், அவ்ளோதான்.

நாலாவதுதான் பெரும்பான்மை. கை ஆடினது. புள்ளி புள்ளியா இருக்க வேண்டிய விளக்கெல்லாம் கோடா இழுத்திருக்கும், எல்லாக் கோடும் ஒரே பக்கமா. (ஆளு மட்டும் இழுத்து, பின்னாடி சுவரு பளிச்சுனு இருந்தா ஆடினது ஆளு, கை இல்ல.) படத்து மேல ரைட் க்ளிக் பண்ணி டீட்டெயில்ஸ் பார்த்தா ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சுன்னு கேமராவே எழுதி வச்சிருக்கும். ஜூம் பண்ணாம எடுத்தா 1/40 செகண்ட், முழு ஜூம்ல 1/100, அதுக்கும் மெதுவாப் போனா கையை நம்பக் கூடாதுன்னு ஒரு நாட்டுக் கணக்கு. நம்ம மாதிரி கேமராவுல முழு ஜூம் போட்டா உள்ள வர்ற வெளிச்சமே மூணுல ஒரு பங்காக் குறைஞ்சிடும். அதனால ஜூம் வேண்டாம், காலால கிட்டப் போகணும். முழங்கையை விலாவோட ஒட்டிக்கிட்டு, கம்பியில சாஞ்சு நின்னு எடுக்கணும். அதுவும் ஆடினா சுவத்து மேல வச்சு ரெண்டு செகண்ட் டைமர். ரெண்டரை இஞ்ச் திரையில எல்லாம் நல்லாத்தான் தெரியும், ஏமாறாதீங்க. அங்கேயே பெருசு பண்ணிப் பார்த்துடணும்.

ஆக கேமரா மேல ஒரு குத்தமும் இல்ல. "பாத்தியா!"ன்னு தங்கமணிகிட்ட பெருமையாச் சொல்லிட்டு, ஒப்பிட்டுக் காட்டலாமேன்னு 2007 டிசம்பர் ஃபோல்டரைத் திறந்தேன். அதே ஏற்காடு, அதே கேமரா, கூட அப்பா, அம்மா எல்லாரும்.

அதுலயும் பாதி ஆடின படம். சரி, இதையும் ஆராய்வோம்னு டீட்டெயில்ஸ் பார்த்தேன். பகோடா பாயிண்ட்ல ரெண்டு படம், ரெண்டு நிமிஷ இடைவெளி. ரெண்டும் ஜூம் இல்லாம, ரெண்டும் 1/60 செகண்ட். ஒண்ணு கத்தி மாதிரி இருக்கு, ஸ்வெட்டர் நூல் கூடத் தெரியுது. இன்னொண்ணு மொத்தமா இழுத்திருக்கு. கணக்குப்படி ரெண்டும் நல்லா வந்திருக்கணும்.

அப்பத்தான் கவனிச்சேன். நல்லா வந்த படத்துல அப்பா இருக்கார். ஆடின படத்துல நான் இருக்கேன், அம்மா இருக்காங்க, கைக்குழந்தையா பொண்ணு இருக்கா. அப்பா இல்ல.

ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு வந்தேன். ஃபோல்டர் பூரா அப்படித்தான். அப்பா இல்லாத குரூப் படம் எல்லாம் ஆடியிருக்கு.

அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. "ஆடாம எடுங்கப்பா, ஒரு பட்டன் அமுக்கறதுக்கு இவ்ளோ கஷ்டமா?" அவர் சிரிச்சுக்கிட்டே, "குளிருது தம்பி"ன்னார். அதுக்கப்புறம் கேமராவை அவர் கையில நான் குடுக்கவே இல்ல. நல்ல படம் வேணும் பாருங்க எனக்கு.

2009-ல காப்பி டம்ளர் கையில தளும்ப ஆரம்பிச்சப்புறம்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பார்க்கின்சன்னு சொன்னாங்க. 2014-ல போயிட்டார்.

கேமரா டாக்டர் இல்லதான். அன்னிக்கு அது நிஜமாவே குளிராக்கூட இருந்திருக்கலாம். ஆனா ஏன் ஆடுதுன்னு இன்னிக்கு ஒரு மத்தியானம் பூரா உக்காந்து ஆராய்ஞ்ச எனக்கு, அன்னிக்கு அவர் கையை ஒரு நிமிஷம் பிடிச்சுப் பார்க்கத் தோணலையே, அதான்.

பொண்ணு பின்னாடி வந்து நின்னா. "இந்த ஆடின படமெல்லாம் டெலிட் பண்ணிடலாமாப்பா?"ன்னு கேட்டா.

அவளோடதுல வேண்டாததை அழிச்சுக்கோன்னு சொல்லிட்டேன். 2007-ஐத் தொடல. எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்குல காப்பி பண்ணி வச்சிருக்கேன், முக்கியமா ஆடினதை. அவர் எங்களைப் பார்த்துக்கிட்டே எடுத்த படம் அதுங்கதானே.

அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிக்கிட்டு மறுபடி ஏற்காடு போறோம். இந்தத் தடவை அம்மா கையிலயும் கேமராவைக் குடுக்கப் போறேன். எப்படி வந்தாலும் சரி.