பத்துப் பேர்

பினாங்கு யூதர்களின் ஜெபாலயம் இருந்தது நாகூர் ரோட்டில், 28-ஆம் எண் கட்டடத்தில். நம்மூர்ப் பெயர் தாங்கிய தெருவில் எபிரேயத் தொழுகை நடந்தது என்பதே எனக்குப் பிடித்துப்போனது. 1929-இல் திறந்தார்கள், 1976-இல் மூடினார்கள். காரணம், பத்துப் பேர் பத்தவில்லை. கூடித் தொழுவதற்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும் என்பது அவர்கள் மரபு. ஒன்பது மகான்கள் வந்து நின்றாலும் ஆகாது.

இந்தப் பத்து எங்கிருந்து வந்தது? சோதோமைக் காப்பாற்ற ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசினாரே, அந்தக் கதை பொருத்தமாக இருந்திருக்கும். ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்தில் வந்து நிற்கிறார். சௌரஸ்தா மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கூட அத்தனை தடவை இறக்கிக் கேட்க மாட்டார்.

ஆனால் தல்மூத் என்னும் யூதச் சட்ட நூலைத் தந்த ரபிகள் பைபிளின் எண்ணாகமத்துக்குப் போனார்கள். கானானை வேவு பார்க்க மோசே பன்னிரண்டு பேரை அனுப்புகிறார். ஒரே திராட்சைக் குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கிவரும் அளவுக்குச் செழிப்பான நாடு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும், அங்கே ராட்சதர்கள் இருக்கிறார்கள், நாம் அவர்கள்முன் வெறும் வெட்டுக்கிளிகள் என்று பத்துப் பேர் ஊரைக் கலக்கினார்கள். ஜனங்கள் இரவெல்லாம் அழுது, எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்றார்கள். கடவுள் அந்தப் பத்துப் பேரைத்தான் பொல்லாத சபை என்று திட்டுகிறார். திட்டோடு சேர்த்துச் ‘சபை’ என்றும் சொல்லிவிட்டாரே, அது போதும் என்று ரபிகள் பிடித்துக்கொண்டார்கள். தொழுகைக்கு அளவுகோல் கோழைகள் பத்துப் பேர்!

அதே கதையில் இன்னும் ருசியான இடம் உண்டு. எல்லோரையும் அழித்துவிடுகிறேன் என்கிறார் கடவுள். மோசே எடுத்து வைக்கும் வாதம் நம் வீட்டுப் பெரியவர்களுடையது: எகிப்தியர்கள் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள்? கடவுள் மன்னிக்கிறார், தண்டனையை மட்டும் விடவில்லை. அந்தப் பத்துப் பேரும் வாதையில் செத்தார்கள். மற்றவர்களுக்கு நாற்பது வருஷம் வனாந்தரம். ஆனால் வானத்திலிருந்து விழுந்த உணவான மன்னா நிற்கவில்லை; உடுத்திய துணி நைந்துபோகவில்லை, நடந்த கால் வீங்கவில்லை என்று உபாகமம் கணக்கு வைத்திருக்கிறது. கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கும் அம்மா தட்டில் சோறு போடாமல் விடுவாளா? 136-ஆம் சங்கீதம் அந்த வனாந்தர நடையையும் அன்பின் பட்டியலில் சேர்த்து, 26 வசனத்திலும் ஒரே பல்லவியைப் பாடுகிறது. முறுமுறுப்பைப் பற்றி அதில் மூச்சே இல்லை.

பாக்தாத்திலிருந்து பிழைக்க வந்த பினாங்கு யூதக் குடும்பங்கள் ஜப்பானியர் வந்தபோது சிங்கப்பூருக்கு ஓடின. பிறகு பிள்ளைகள் கடல் கடந்தார்கள். போகாதவர்கள் ஜாலான் ஜைனல் ஆபிதீன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அது முன்பு யாஹூடி ரோடு, அதாவது யூதர் தெரு. தெருவின் பெயர்கூட அவர்களிடம் தங்கவில்லை. மிகப் பழைய கல்லறைக்கு வருஷம் 1835. ஈ அண்ட் ஓ ஹோட்டலை நிர்வகித்த டேவிட் மொர்தெகாய் 2011-இல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

எனக்கு ரபிகளிடம் ஒரே ஒரு சண்டை பாக்கி. கானானைப் பிடித்துவிடலாம் என்று தைரியமாகச் சொன்ன மற்ற இரண்டு வேவுகாரர்கள் யோசுவாவும் காலேபும் நாகூர் ரோட்டுக்கு வந்திருந்தால், இன்னும் எட்டுப் பேரைத் தேடிக் கூட்டிவாருங்கள் என்றுதானே அனுப்பியிருப்பார்கள்?