சூளையும் குறியீடும்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையின் அனலைக் கண்ட மாத்திரத்தில், உள்ளிருக்கும் கலங்கள் யாவும் பழுதின்றி வெந்தன என்று கூறிவிட இயலுமோ? சூளை ஆறிய பின், ஒவ்வொரு கலத்தையும் விரலால் தட்டி, ஓசை கேட்டே தரம் அறிய வேண்டும். இவ்வெளிய பாடத்தை நாம் ஒருமுறை மறந்தோம்.

வட்டியை விலக்கும் இல்லத்தில் பிறந்த நாம், இலாப நட்டத்தில் பங்கேற்கும் முறையெனக் கருதிப் பங்குச் சந்தையை நாடினோம். 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 21,000ஐத் தொட்டது. நாளிதழின் தலைப்பையே நம்பி, நம் சிறு சேமிப்பை ஒரு நிறுவனத்தின் பங்குகளில் இட்டோம். அதன் ஆண்டறிக்கையைப் புரட்டியும் பார்த்திலோம். அவ்வாண்டு அக்டோபரில் குறியீடு 8,000க்கும் கீழே சரிந்தது. 2010 நவம்பரில் மீண்டும் 21,000ஐ எட்டியது. நம் பங்கோ எழவேயில்லை.

காரணம் பின்னரே புலனாயிற்று. 1978-79ஆம் ஆண்டின் நிலையை 100 எனக் கொண்டு கணக்கிடப்படும் சென்செக்ஸ், தேர்ந்தெடுத்த 30 பெரு நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கை மட்டுமே காட்டும். நலிந்தது நீக்கப்பட்டு வேறொன்று சேர்க்கப்படுவதும் உண்டு. நாம் வாங்கிய பங்கு அம்முப்பதில் ஒன்றன்று.

மாணவ மணிகளே! குறியீடு சூளையின் அனல்; நிறுவனத்தின் வரவையும் கடனையும் உரைக்கும் ஆண்டறிக்கையே கலத்தின் ஓசை. தட்டிப் பார்த்து வாங்குவீராக!