நடுக்கடலில் நின்றுபோன கப்பல்

கப்பற் பிரயாணம் நம்மவர்க்குப் புதியதன்று. நமது பாட்டன்மாரும் பாட்டிமாரும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கிலோ, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கியவர்களே. 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கடலில் உழைத்து, 1974-இல் உடைக்கப்பட்டது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ 1985-இல் தீப்பற்றி எரிந்ததோடு அவ்வழியும் தூர்ந்தது. அக்கப்பல்கள் ஒரு நாள் தாமதித்தாலும் இரண்டு நாள் தாமதித்தாலும், ஏன் என்று கேட்கும் உரிமை தளத்தில் பாய் விரித்துப் படுத்துவந்த கூலிக்கு உண்டென எவரும் எண்ணவில்லை. அவனும் எண்ணவில்லை.

இன்றோ காலம் மாறிவிட்டது. நான் இதை எழுதுவது சுபாங் ஜெயாவிலிருந்து. 1970-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை இவ்விடம் சீஃபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. பால்மரம் நின்ற மேட்டில் இன்று மாடி வீடுகளும் கல்லூரிகளும் நிற்கின்றன. அம்மரங்களை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் புலாவ் இண்டாவுக்குச் சென்று, பத்து மாடி உயரமுள்ள உல்லாசக் கப்பலில் ஏறுகின்றனர். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் சந்ததியார் பொழுதுபோக்குக்காகக் கடலேறுவது மகிழத்தக்கதே. ஆயினும் ஒன்றை நாம் ஆராய வேண்டும். பாட்டன் கப்பலை விட்டு இறங்கிவிட்டான். பாட்டனுடைய மௌனம் இறங்கிவிட்டதா?

இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், கப்பலின் யந்திரம் பழுதுறும் நாளைக் கவனித்தல் போதும்.

முதலில் யந்திரத்தின் தன்மையைச் சிறிது அறிவோம். தற்கால உல்லாசக் கப்பல்கள் பலவற்றில் டீசல் யந்திரங்கள் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. அம்மின்சாரமே விளக்கையும் சமையலறையையும் குளிர்காற்றையும் நடத்துகிறது. கப்பலை உந்தும் பெரிய மோட்டார்களையும் அதுவே சுழற்றுகிறது. 1998-இல் வெளிவந்த ‘இலேஷன்’ என்ற கப்பல் முதற்கொண்டு, இம்மோட்டாரை ஓர் உலோகக் கூண்டில் அடைத்துக் கப்பலின் அடியில் நீருக்குள்ளேயே தொங்கவிடும் முறை பரவிற்று. அக்கூண்டு எப்பக்கமும் திரும்பவல்லது. ஆதலின் தனிச் சுக்கான் வேண்டியதில்லை. ஆனால், அதனுள் இருக்கும் பேரிங் தேய்ந்துவிட்டால் கடலில் வைத்துச் சீர்செய்தல் அரிது. பெரும்பாலும் கப்பலை உலர்துறைக்கு ஏற்றியாக வேண்டும். உலர்துறையோ நினைத்த நாளில் கிடைப்பதன்று.

இரண்டு மோட்டார்களில் ஒன்று நின்றால் வேகம் பாதியாகும் எனப் பலர் கருதுவர். அவ்வாறன்று. வேகம் கூடக்கூட, வேண்டும் சக்தி அதன் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. ஆகவே சக்தி பாதியாயினும் மணிக்கு 20 கடல் மைல் சென்ற கப்பல் ஏறத்தாழ 16 கடல் மைல் செல்லும். இது சிறு குறைவுதானே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். 600 கடல் மைல் தூரத்தை 20 வீதம் கடக்க 30 மணி நேரம். 16 வீதம் கடக்க 37½ மணி நேரம். இழந்த ஏழரை மணி எங்கிருந்து வரும்? ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று துறைமுகத்தில் வைத்திருந்த பகற்பொழுதிலிருந்துதான் வரும். யந்திரப் பழுதென்றால் முதலில் ஒரு துறைமுகம் அட்டவணையினின்றும் மறைவது இக்காரணத்தாலேயே.

மோட்டார்கள் முற்றும் நின்றுவிடின் நிலைமை வேறு. நம் நாட்டுக் கரையிலேயே அதற்குச் சான்று உண்டு. 2012 மார்ச் 30-ஆம் நாள் இரவு, ஹாங்காங்கிலிருந்து மணிலா வழியாகச் சிங்கப்பூரை நோக்கி 17 இரவுப் பிரயாணத்தில் இருந்த ‘அஸமாரா குவெஸ்ட்’ என்ற கப்பலின் யந்திர அறையில் தீ மூண்டது. தீ அணைக்கப்பட்டது, எனினும் உந்துவிசை போயிற்று. பிரயாணிகளும் ஊழியருமாக ஏறத்தாழ 1,000 பேருடன் அது கடலில் மிதந்தது. பின்னர் மெல்ல ஊர்ந்து, ஏப்ரல் 1-ஆம் நாள் இரவு சபாவிலுள்ள சண்டக்கானை அடைந்தது. அதுவே பிரயாணத்தின் முடிவாயிற்று. எஞ்சிய நாட்கள் ரத்தாயின. கம்பெனி கட்டணம் முழுவதையும் திருப்பித் தந்து, மற்றொரு பிரயாணத்துக்கான சீட்டையும் அளித்தது. அந்தக் கணக்கில் வராதவர்கள், புகையால் மூச்சுத் திணறிய ஐந்து ஊழியர்கள். அவர்களுள் ஒருவர் கடும் பாதிப்புற்றார். மேல்தளத்தில் இருந்தவர் இழந்தது விடுமுறை. கீழ்த்தளத்தில் இருந்தவர் இழக்கவிருந்தது உயிர். இதை நாம் மறத்தலாகாது.

நிற்க. எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார்; முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். பிள்ளைகள் பணம் சேர்த்து, கிள்ளானிலிருந்து புக்கெட் சென்று திரும்பும் மூன்றிரவுக் கப்பலுக்கு அவரையும் அழைத்துச் சென்றனர். இரண்டாம் நாள் காலையில் யந்திரக் கோளாறு என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. புக்கெட் கைவிடப்பட்டது, கப்பல் ஓர் இரவு பிந்தித் திரும்பிற்று. தாதியான மகளுக்கு விடுப்பு ஒரு நாள் போயிற்று. கூச்சிங்கில் கல்லூரி தொடங்கவிருந்த பேரன் விமானத்தைத் தவறவிட்டு வேறு சீட்டு வாங்கினான். கம்பெனி அளித்த ஈடு ஒரு சிறு தொகை. அதுவும் அக்கப்பலின் கடைகளிலேயே செலவழிக்கத்தக்கது.

ஆலையின் பழுதுப் பதிவேட்டை எழுதும் கிராணி என்பதால் பெரியவர் என்னிடம் வந்து, “தம்பி, இதற்கு ஏதாவது எழுதிக் கேட்கலாமா?” என்றார். நான் வாய் திறக்குமுன் அவருடைய மைத்துனர், “என்னத்தைக் கேட்பது? ராகு காலத்தில் புறப்பட்டால் இப்படித்தான் ஆகும், நம் தலையெழுத்து” என்று முடித்துவிட்டார். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். “மாமா, அதே ராகு காலத்தில் கிள்ளானிலிருந்து புறப்பட்ட சரக்குக் கப்பல்கள் எத்தனை? அவையெல்லாம் நின்றனவா?” என்று மட்டும் நான் கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். கடிதம் அன்றிரவே எழுதப்பட்டது.

தலையெழுத்தைப் பற்றி யான் அறியேன். பதிவேட்டின் எழுத்தைப் பற்றி அறிவேன். எங்கள் செம்பனை ஆலையில் ஒரு பேரிங் உடைவது திடீரென்று நிகழ்வதுபோல் தோன்றும். ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், ‘சூடு அதிகம்’, ‘சத்தம் உண்டு’, ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற வரிகள் முன்னரே இருக்கும். ஆலை நின்றால், வெட்டிய குலை ஒரு நாளுக்குமேல் கிடந்து கெடும். எண்ணெயின் தரம் குன்றும். ஆகவே பழுது என்பது உடைந்த நாளில் பிறப்பதன்று. ஒத்திவைத்த நாளில் பிறப்பது.

கடலிலும் இஃதே உண்மை. 2019 மார்ச் 23-இல் நார்வே நாட்டுக் கரையருகே, கடும் புயலில், 1,373 பேருடன் சென்ற ‘வைக்கிங் ஸ்கை’ கப்பலின் யந்திரங்கள் யாவும் நின்றன. 479 பேர் ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றப்பட்டனர். பலரும் புயலைப் பழித்தனர். ஆனால் 2024-இல் வெளியான நார்வே அரசாங்க விசாரணை அறிக்கை கூறியது வேறு: உராய்வெண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெய் குறைவாக இருந்தது, நான்கு மின்னாக்கி யந்திரங்களில் ஒன்று ஏற்கெனவே பழுதாகிக் கிடந்தது. புயல் கடலின் செயல். எண்ணெய்க் குறைவு மனிதரின் செயல்.

இனி உரிமைக்கு வருவோம். சீட்டு வாங்கும்போது நாம் ஒப்பும் நிபந்தனைகளை எத்தனை பேர் படிக்கிறோம்? துறைமுகத்தை மாற்றவும் விலக்கவும் கம்பெனிக்கு உரிமை உண்டென்பது அவற்றில் பெரும்பாலும் காணப்படும். 2013-இல் ‘கார்னிவல் டிரையம்ஃப்’ கப்பல் தீயினால் சக்தியிழந்து, 4,000-க்கு மேற்பட்டோருடன் மெக்சிகோ வளைகுடாவில் நாட்கணக்கில் மிதந்தபின், கப்பற் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கம் அவ்வாண்டு மே மாதத்தில் பிரயாணிகளின் உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. யந்திரப் பழுதால் பிரயாணம் ரத்தானால் முழுப்பணம். இடையில் முடிந்தால் ஒரு பகுதி. ஊர் திரும்ப வசதி. வேற்றூரில் தங்க நேர்ந்தால் தங்குமிடம். நல்லதே. ஆனால் ஒரு துறைமுகம் மட்டும் விடுபட்டால்? அதற்கு அப்பட்டியல் தருவது தகவல் பெறும் உரிமையே. எங்கள் பெரியவர் விழுந்தது இந்தப் பள்ளத்திலேதான்.

அப்பள்ளத்திலிருந்து ஏறியவர்களும் உண்டு. 2006 ஜனவரியில் ‘குவீன் மேரி 2’ அமெரிக்காவின் புளோரிடாத் துறைமுகத்தை விட்டுப் புறப்படுகையில் கால்வாயின் கரையில் உரசியது. நான்கு உந்துகூண்டுகளில் ஒன்று பழுதாயிற்று. வேகம் குறைந்ததால் மூன்று துறைமுகங்கள் கைவிடப்பட்டன. கம்பெனி முதலில் பாதிக் கட்டணம் தருவதாகக் கூறிற்று. பிரயாணிகளோ, ரியோ டி ஜெனீரோவில் கப்பலை விட்டு இறங்க மாட்டோம் என்று ஒன்றுகூடி அறிவித்தனர். முடிவில் முழுக் கட்டணமும் திரும்பிற்று. நிபந்தனைத் தாள் மாறவில்லை. மாறியது அதைக் கையில் வைத்திருந்தவர்களின் வாய்.

ஆதலின் அன்பர்கள் சில காரியங்களைச் செய்தல் வேண்டும். சீட்டுக்கு முன் நிபந்தனையைப் படியுங்கள். யந்திரப் பழுதையும் தவறவிட்ட விமானத்தையும் ஏற்கும் காப்புறுதியா என்று கேட்டு வாங்குங்கள். கப்பல் கரை சேரும் நாளிலேயே விமானமோ நேர்முகத் தேர்வோ திருமணமோ வைக்காதீர்கள். கப்பலில் கூறப்படும் அறிவிப்பை நாளும் நேரமும் இட்டு எழுதிக்கொள்ளுங்கள். செலவுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சீட்டு விற்ற முகவர் இந்நாட்டவராயின், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

யந்திரம் பழுதாவதை எவராலும் முற்றும் ஒழிக்க இயலாது. 2010 ஜூலைக்குப்பின் கட்டத் தொடங்கிய பெரிய பிரயாணிக் கப்பல்களில், குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட தீ ஒன்று யந்திர அறையில் மூண்டாலும் சொந்தச் சக்தியால் துறைமுகம் சேரத்தக்க ஏற்பாடு வேண்டுமென்பது சர்வதேச விதி. பழைய கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. ஆகவே பழுதுகள் நேரும். நேரும்போது கம்பெனி விடை கூறவேண்டும், பிரயாணி வினவவேண்டும், அடித்தளத்தில் எண்ணெயிலும் புகையிலும் உழைப்பவனுடைய எச்சரிக்கைக்கு மேல்தளத்தில் மதிப்பு இருக்கவேண்டும்.

பெரியவருடைய கடிதத்துக்கு ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. துறைமுகக் கட்டணமும், பேரனுடைய விமானச் செலவில் பாதியும் திரும்பின. தொகை பெரிதன்று. ஆனால் மறுவாரம் அவருடைய மைத்துனர், தம் வீட்டுத் தண்ணீர்ப் பட்டியலில் கண்ட ஒரு பிழையைப் பற்றி மனு எழுதவேண்டுமென்று, நாள் நட்சத்திரம் பாராமல், செவ்வாய்க்கிழமை மாலையிலேயே என்னைத் தேடி வந்தார்.