43 வயதில் துப்பாக்கி பிடித்தேன்!

"இந்த வயசில் உனக்கு எதற்குத் துப்பாக்கி? கொசு சுடவா?" என்று கேட்டார் என்னவர். அத்தை ஒன்றுமே கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "ஏன் தாயி, போலீஸ்ல சேரப் போறியா?" என்று நிஜமாகவே விசாரித்தார்!

நான் பத்தாவது வரை படித்தவள். இருக்கன்குடியில் வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது. சமையல், ஆடு மாடு, ஆடி கடைசி வெள்ளிக்கு அம்மனைக் கும்பிட வரும் உறவுக்காரர்களுக்குப் பந்தி போடுவது, இதுதான் என் உலகம். துப்பாக்கியை அதுவரை சினிமாவிலும் பாங்க் வாசலிலும்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் என் மகளால் வந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கிறாள். முகாமில் .22 ரைபிளைக் குப்புறப் படுத்துச் சுடச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து குண்டில் ஒன்றுகூட அட்டையில் படவில்லை. வெடிச்சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த இந்தப் பக்கத்துப் பிள்ளை, விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாளாம்! அழுதுகொண்டே வந்தாள். மதுரையில் ஒரு ரைபிள் கிளப்பில் புதியவர்களுக்கு எட்டு வாரம், ஞாயிறுதோறும் பயிற்சி என்று அவளே விசாரித்து வந்தாள். வயசுப் பெண்ணைத் தனியே அனுப்ப அத்தைக்கு மனசில்லை. துணைக்கு நான் புறப்பட்டேன். விடிகாலையில் சாத்தூர் போய் அங்கிருந்து மதுரை பஸ்.

முதல் வாரம் பெஞ்சில் உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுப்பவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் சுபேதார் சார் என்போம். அடுத்த வாரம் அவரே வந்து, "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு நீங்களும் கத்துக்கிடலாமே அம்மா" என்றார். நான் தயங்கியதும் ஒரு கதை சொன்னார். உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். 1999ல் அங்கே சந்திரோ தோமர் என்ற பாட்டி, பேத்திக்குத் துணையாகத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனாராம். அறுபது வயதைத் தாண்டியவர். பேத்தி தயங்கி நிற்க, பாட்டி கைத்துப்பாக்கியை வாங்கித் தானே சுட்டுப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு அவரும் அவர் உறவுக்காரி பிரகாஷி தோமரும் போட்டிகளுக்குப் போய்ப் பதக்கம் பதக்கமாக வாங்கியதை வைத்து 2019ல் இந்திப் படமே வந்தது. சந்திரோ பாட்டி 2021 ஏப்ரலில் கொரோனாவில் போய்விட்டார். பாட்டியே சுட்டிருக்கும்போது எனக்கென்ன? கூடையை ஓரமாக வைத்தேன்.

நாங்கள் பழகியது ஏர் ரைபிள். இதில் வெடிமருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்றின் வேகத்தில் ஈயக் குண்டு போகும். சத்தமும் 'டப்'பென்று ஒரு சின்னச் சத்தம்தான். மருந்தை நம்பியே பிழைக்கும் ஊரிலிருந்து வந்து மருந்தில்லாத துப்பாக்கியைப் பிடித்தது எனக்கே சிரிப்பாக இருந்தது. பத்து மீட்டர் தூரத்தில் அட்டை இருக்கும். அதில் வட்டம் வட்டமாகப் போட்டு, நட்டநடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர்தான். குண்டூசி முனை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன் 2019ல் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியது இந்தப் புள்ளியைச் சுட்டுத்தான்.

எனக்கான முதல் வகுப்பில் துப்பாக்கியைக் கையிலேயே தரவில்லை. விதிகள்தான். துப்பாக்கி எப்போதும் குண்டு போட்டிருப்பதாகவே நினைக்க வேண்டும். சுட நினைக்காத எதன் பக்கமும் அதன் வாயைத் திருப்பக் கூடாது. குறி பார்த்து முடிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு நுழைத்து வைப்பார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்பது தூரத்தில் நிற்பவருக்கும் தெரிய வேண்டுமாம்.

மூன்றாம் வாரம் ஒரு கல்லூரிப் பையன், ரைபிளைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் இருந்த நண்பனிடம் பேசத் திரும்பினான். "ஸ்டாப்!" என்று ஒரு குரல். அத்தனை பேரும் ரைபிளைக் கீழே வைத்தோம். "காலித் துப்பாக்கி சார்" என்றான் பையன். "காலின்னு உனக்குத் தெரியும். உன் சிநேகிதனுக்குத் தெரியுமா?" என்றார் சுபேதார் சார். அன்று முழுவதும் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். நானானால் ஒரு அதட்டலோடு விட்டிருப்பேன். அவர் விடவில்லை.

'காலி' என்ற அந்த வார்த்தையை யோசித்தபடியே பஸ்ஸில் வந்தேன். தீபாவளிக்குப் புஸ்ஸென்று அணைந்துபோன வெடியைப் பிள்ளைகள் எடுத்து ஊதிப் பார்ப்பது இல்லையா? அதுவும் இந்தக் காலித் துப்பாக்கியின் அண்ணன்தான். வெடிக்காத வெடி வெடித்து முடிந்த வெடியல்ல, சகோதரிகளே. பக்கத்தில் போகாமல் கொஞ்ச நேரம் விட்டு, தள்ளி நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலை தெருவில் பொறுக்கப் போகும் வாண்டுகளையும் கவனியுங்கள்.

நிற்கும் முறைதான் என்னை அசத்தியது. ரைபிள் நாலைந்து கிலோ கனம். அதைக் கைச் சதையால் தூக்கிப் பிடித்தால் பத்து விநாடியில் நடுக்கம் வந்துவிடும். இடுப்பைக் குறி இருக்கும் பக்கமாகத் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, அந்தக் கையில் ரைபிளை ஏந்த வேண்டும். எலும்பு தாங்க வேண்டும், சதை தாங்கக் கூடாது என்பது பாடம். கூட வந்த பையன்களுக்கு இது லேசில் வரவில்லை. எனக்கு அடுத்த நிமிஷமே வந்துவிட்டது. இருபது வருஷம் தண்ணீர்க்குடமும் பிள்ளையும் சுமந்த இடுப்பல்லவா! "அம்மாவைப் பாருங்கடா!" என்றார் சார். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு இடுப்பு வலிகூடத் தெரியவில்லை. (மறுநாள் தெரிந்தது. முதுகை வளைத்து நிற்கிற வேலை இது. முதுகுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.)

மூச்சு விஷயமும் நமக்குப் புதிதல்ல. மூச்சை இழுத்து, பாதி விட்டு, ஆறேழு விநாடி நிறுத்தி, அதற்குள் சுட வேண்டும். அதற்குள் மனசு கூடவில்லையா, ரைபிளை இறக்கிவிட்டு மறுபடி மூச்சு வாங்க வேண்டும். கோலத்தில் நீளக் கோடு இழுக்கும்போது நாம் மூச்சைப் பிடிப்பதில்லையா, அதேதான். விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பச்சைப் பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டும்போது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்போம்? அந்தப் பதம். எப்போது வெடிக்கும் என்று சுடுகிறவருக்கே தெரியக் கூடாதாம். என் மகளின் கோளாறும் அதில்தான் இருந்தது. சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்து காத்திருந்து கண்ணை மூடியிருக்கிறாள். குண்டே போடாமல் நூறு தடவை வெறும் விசையை இழுக்க வைத்தார். ஐந்தாம் வாரம் அவள் கண் மூடவில்லை. ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. ஆனால் எல்லாம் இடது ஓரம்! அவள் முகம் வாடியது. சார் குதூகலித்தார். ஒரே இடத்தில் விழுந்தால் குறி பார்க்கும் கருவியை ஒரு திருகு திருகிச் சரிசெய்துவிடலாமாம். திசைக்கொன்றாய்ச் சிதறினால்தான் வேலை அதிகம்.

எனக்கு இருந்த சங்கடம் வேறு. துப்பாக்கி முனையில் இருக்கும் சின்ன வளையம் எனக்கு மங்கலாகவே தெரிந்தது. வெள்ளெழுத்து! ஊசி கோக்கத் தடுமாறியதை வெளிச்சம் போதவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கண் நோய்க்காரர்கள் வந்து கண்மலர் சாத்தும் அம்மன் எங்கள் அம்மன். அவளைக் கும்பிட்டுக்கொண்டு கண் டாக்டரிடமும் போனேன். கண்ணாடி வந்தது. அரிசியில் கல் பொறுக்குவதும் சுலபமாகிவிட்டது!

இளம் தாய்மார்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குண்டு ஈயத்தில் செய்தது. ஈயம் என்றால் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், குண்டு காரீயம். இரண்டும் வேறு வேறு. காரீயம் உடம்புக்குள் போனால் விஷம். வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும், வயிற்றுப் பிள்ளையையும் விடாது. அதனால் சுடும் இடத்தில் தின்பண்டம், காப்பி எதுவும் கூடாது. குண்டு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவின பிறகே மற்ற வேலை. வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இந்தப் பயிற்சியைத் தள்ளிப் போடுவதே நல்லது.

இத்தனை விதியிலும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்றுதான். அந்த "ஸ்டாப்" என்ற சொல்லை அங்கே யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆபத்து என்று பட்டால் வந்த முதல் நாளே சொல்லலாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளை சொன்னாலும் சுபேதார் சாரே ரைபிளைக் கீழே வைத்துவிடுவார். ஏன் சொன்னாய் என்று அப்புறம்தான் கேள்வி.

இதை ஒரு ராத்திரி என் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலைக்குப் போகிறவள். இந்த வட்டாரத்தில் எந்த வீட்டில்தான் ஒருவர் போகவில்லை? 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 40 பேர் வரை போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஊரே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். அடுத்த வாரம் காலையில் தூக்குச்சட்டியோடு வேன் ஏறும்.

"எங்க ரூமுக்கும் விதி இருக்கு மதினி" என்றாள். "நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. செருப்பு ஆகாது. நைலான் சேலை ஆகாது. இரும்புச் சாமான் ஆகாது. உள்ள போகுமுன்னே செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போகணும். எல்லாம் சுவத்துல எழுதியிருக்கு. ஆனா நிறுத்துன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு எந்தச் சுவத்துலயும் எழுதலையே!"

எனக்குப் பதில் வரவில்லை. தீபாவளி நெருங்கினால் எண்ணிக்கைக்குத்தான் கூலி. நாலு பேர் அறையில் ஆறு பேர் உட்காருவார்கள். "ஒரு நாள்தானே" என்பார்கள். அது அவளுக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், கிணற்றடியில் இருக்கும் எனக்கே தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போது என்னவர் திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கொசு ஜோக்கைப் பிறகு அவர் எடுக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து நாத்தனார் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். அறையில் ஆறாவது ஆளை உட்கார வைத்தார்களாம். இவள் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள். "என்ன, மகாராணிக்கு இடம் பத்தலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நாலு பேர் ஆனதும் வாரேன்" என்றாளாம். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தியும் வந்து பக்கத்தில் நின்றாளாம். இரண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அன்றைய கூலி போனது. அத்தைக்குக் கோபம். "வேலையை விட்டே நிறுத்திட்டா என்ன செய்வ?" என்று கத்தினார்கள். நான் சாப்பாடு போட்டேன். கை நடுங்க நடுங்கச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை போகலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே வேன் ஏறினாள். சாயங்காலம் வந்து, "இன்னைக்கு நாலு பேர்தான் மதினி" என்றாள். நாளைக்கு எத்தனை பேரோ, அவளுக்கும் தெரியாது. ஆனால் தினமும் இரவு, கைகால் கழுவி வந்ததும், நான் கேட்கும் முன்பே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் தட்டில் உட்காருகிறாள்.