தூரம் எழுதிய வளையம்

இப்போது என் கேமராவில் இருக்கும் 50 மி.மீ. லென்ஸின் உடம்பில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. கம்பெனி பெயர், லென்ஸின் அளவு, ஒரு சின்ன சுவிட்ச், அவ்வளவுதான். ஃபோகஸ் வளையம் தொடக்கமும் முடிவும் இல்லாமல் வழவழவென்று சுற்றிக்கொண்டே போகும். மெதுவாகத் திருப்பினால் ஒரு அளவு நகரும், வேகமாகத் திருப்பினால் வேறு அளவு நகரும். கை திருப்புவதை உள்ளே இருக்கும் மின்சுற்று படித்து மோட்டாருக்குச் சொல்கிறது, கண்ணாடியை நகர்த்துவது மோட்டார்தான்.

பழைய லென்ஸின் வளையத்தில் அடிக் கணக்கு ஒரு நிறத்தில், மீட்டர் கணக்கு இன்னொரு நிறத்தில் செதுக்கியிருக்கும். கடைசியில் இன்ஃபினிட்டியின் படுத்த எட்டு, அங்கே வந்தால் டக்கென்று நிற்கும். வளையத்துக்குக் கீழே நடுவில் ஒரு குறி, அதன் இரு பக்கமும் அப்பர்ச்சர் எண்கள் ஜோடி ஜோடியாக. ஆள் எங்கே நிற்கிறார், அவருக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு தெளிவாக விழும் என்பதையெல்லாம் கேமராவைக் கண்ணுக்குத் தூக்காமலே அதில் படித்துவிடலாம்.

நான் தொழில் பழகியது 1990-களின் நடுவில், கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில். கல்யாண வீட்டுக்குப் போகும் கேமரா பென்டாக்ஸ் கே1000. 1976-இல் வந்து 1997 வரை ஓடிய மாடல். லைட் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி, மற்றதெல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும். அதில் ஒரு 50 மி.மீ., எஃப் 2 லென்ஸ். தலையில் விவிடார் 283 ஃபிளாஷ்.

அந்த ஃபிளாஷில் ஆட்டோ உண்டு. முன்னால் இருக்கும் ஒரு சென்சார், திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷை நிறுத்தும். ஆனால் எங்கள் கல்யாணங்களில் அது கவிழ்த்துவிடும். மாப்பிள்ளை பட்டு வேட்டியில், பெண் ஜரிகையில், பின்னால் வெள்ளைத் துணி ஜோடனை. எல்லாம் சேர்ந்து வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால், போதும் என்று நினைத்து சென்சார் முன்கூட்டியே அணைத்துவிடும். முகம் கறுத்துப்போகும். அதனால் ஸ்டுடியோ அண்ணன் ஆட்டோவைத் தொடவே விடமாட்டார். மேனுவல்தான். 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு அந்த ஃபிளாஷின் கைடு நம்பர் அடியில் 120. அதை ஆள் நிற்கும் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர். பத்தடிக்கு 11, பதினைந்தடிக்கு 8, இருபதடிக்கு 5.6. ஷட்டர் 60-ஐ விட்டு நகராது. ஆக, தூரம் தெரிந்தால் எல்லாம் தெரியும். தூரம் தப்பினால் எல்லாம் தப்பும்.

இந்த வகுத்தலை லென்ஸே செய்யட்டும் என்று நிக்கான் 1960-களின் கடைசியில் ஒரு 45 மி.மீ. லென்ஸ் செய்தது. ஜிஎன் நிக்கார் என்று பெயர். கைடு நம்பரை வைத்துப் பூட்டிவிட்டால், ஃபோகஸ் திருப்பத் திருப்ப அப்பர்ச்சரும் கூடவே மாறும். எங்களிடம் அது இல்லை. எங்களிடம் இருந்தது அண்ணனின் கேள்வி.

"அந்த வெத்தலைத் தட்டு வச்சிருக்க அம்மா எத்தனை அடிடா?"

"பன்னண்டுண்ணே."

"பத்து. நல்லாப் பாரு, ஜமுக்காளம் முழுசும் எடையில இருக்கா?"

மண்டபத்துக்கு மத்தியானமே போய்விடுவார். மணமேடை விளிம்பிலிருந்து முதல் வரிசை நாற்காலி வரை, தூணிலிருந்து தூண் வரை எட்டு வைத்து நடந்து பார்ப்பார். ஜமுக்காளத்தின் நீளம் அவருக்கு அளவுகோல். சாயங்காலம் கூட்டம் வந்து தரை மறைந்த பிறகும், எந்த இடத்தில் யார் நின்றாலும் அவர் இடது கை தானாக வளையத்தைத் திருப்பி வைத்திருக்கும். வ்யூஃபைண்டரில் பார்ப்பது கடைசியில் சரிபார்க்கத்தான். ஆளைப் பார்த்தே துணி வெட்டும் தையல்காரர்கள் சிலர் இருப்பார்கள், அந்த ஜாதி.

நலங்கு, மாலை மாற்றல், பந்தி என்று ஆள் நடமாடும் இடங்களுக்கு அவர் வேறு கணக்கு வைத்திருந்தார். வளையத்தை 12 அடியில் நிறுத்தி அப்பர்ச்சரை 8-இல் வைத்தால், இரண்டு பக்கமும் இருக்கும் எட்டுக்கு நேரே பார்த்தால் போதும்: கிட்டத்தட்ட 9 அடியிலிருந்து 18 அடி வரை தெளிவு. அந்த எல்லைக்குள் யார் ஓடினாலும் ஃபோகஸைத் தொட வேண்டாம், எடுத்துக்கொண்டே இருக்கலாம். ரோல் மதுரை லேபுக்குப் போய், கழுவிப் பிரின்ட் ஆகி வரும்வரை எதுவும் தெரியாது. ஒரு ரோலுக்கு 36 படம், தப்பிய ஒவ்வொன்றுக்கும் காசு. அந்தப் பயத்தில்தான் என் கண்ணுக்கும் அடிக் கணக்கு ஏறியது. தெருவில் போகும்போதுகூட எதிரே வருபவர் எத்தனை அடியில் வருகிறார் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

டிஜிட்டல் வந்ததும் ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்கு மாறினோம். கே1000 அலமாரிக்குப் போயிற்று. அந்தக் காலத்துப் பழைய லென்ஸ்கள் பலவற்றுக்கும் நேர்ந்தது இதேதான். கேனன் 1987-இல் தன் பழைய எஃப்டி மவுன்ட்டை ஒரேயடியாகக் கைவிட்டு ஈஓஎஸ் வரிசைக்குப் போனபோது, அதுவரை வாங்கிய எஃப்டி லென்ஸ்கள் எல்லாம் அநாதையாகின. அவற்றைப் புது கேமராவில் சும்மா மாட்டவும் முடியாது, காரணம் மிகச் சாதாரணமான ஒரு தூரக் கணக்கு. ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து பிலிம் வரை ஒரு இடைவெளி உண்டு. எஃப்டிக்கு அது 42 மி.மீ., ஈஓஎஸ்ஸுக்கு 44. லென்ஸ் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தொலைவில் உள்ளது எதுவும் ஃபோகஸ் ஆகாது.

மிரர்லெஸ் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. உள்ளே எம்பி விழும் கண்ணாடி இல்லையென்றால் அதற்கு இடமும் தேவையில்லை. இடைவெளி சோனி இ மவுன்ட்டில் 18 மி.மீ., கேனன் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16. பென்டாக்ஸ் கேயும் அதற்கு முந்தைய எம்42 மரை மவுன்ட்டும் கேட்பது 45.46. இசட்டில் மிச்சமிருக்கும் 29 மில்லிமீட்டர் சொச்சத்துக்கு ஒரு வெற்றுக் குழாய் செய்து நடுவில் வைத்தால் முடிந்தது. அடாப்டர் என்பது அதுதான். உள்ளே கண்ணாடி கிடையாது, காற்றுதான். நிக்கான், பென்டாக்ஸ், மினோல்டா, ஒலிம்பஸ், எஃப்டி எல்லாமே ஒரே கேமராவில் வந்து உட்கார்ந்தன. புதிய லென்ஸ் ஒன்றின் விலையில் பழையதில் ஒரு குடும்பத்தையே வாங்கலாம் என்ற காலம் சில வருஷம் இருந்தது.

அந்தக் காலத்தில் எனக்குள்ளும் ஒரு பேராசை கிளம்பியது. முதலில் வந்தது சோவியத் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் யேனாவில் 1930-களில் உருவான பயோட்டார் லென்ஸின் நகல் அது. போருக்குப் பின் இழப்பீடாக ஜைஸின் வரைபடங்களும் இயந்திரங்களும் சோவியத் நாட்டுக்குப் போயின, அந்த வழியில் பிறந்தது. பயோட்டாருக்கும் முன்னால் போனால் 1896-இல் பால் ருடால்ஃப் வரைந்த பிளானார். ஹீலியோஸில் கண்ணாடி மொத்தம் ஆறே துண்டு. முழுக்கத் திறந்து வைத்து வேப்பமரத்தடியில் ஒருவரை நிறுத்தினால், பின்னால் இலை வழி விழும் வெளிச்சம் எல்லாம் அவரைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும். லென்ஸின் ஓரத்தில் வெளிச்சம் வெட்டுப்படுவதாலும், திருத்தப்படாமல் விட்ட பிழைகளாலும் வருவது அது. செய்தவர்கள் விரும்பிச் செய்ததல்ல. இன்று அதற்காகவே தேடி வாங்குகிறார்கள்.

பிறகு ஒரு சூப்பர் டாகுமார் 50 மி.மீ., எஃப் 1.4. வந்தபோது கண்ணாடி தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஒளியை நன்றாக வளைப்பதற்காக அந்தக் கண்ணாடியில் தோரியம் சேர்த்திருக்கிறார்கள். தோரியத்தின் லேசான கதிர்வீச்சிலேயே வருஷக்கணக்கில் கண்ணாடி பழுத்துவிடும். மருந்து வெயில்தான், புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சள் இறங்கும். நம் ஊர் மொட்டைமாடிக்கு அது பெரிய வேலையில்லை. வடாகம் காயும் இடத்தில் ஓரமாக வைத்து எடுத்து, நாள் போகப் போகத் தெளிந்துவருவதைப் பார்த்தேன். வெயில் தீர்க்காத நோயும் உண்டு. ஈரக்காற்றில் பூட்டி வைத்த லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பங்கஸ் படரும், முற்றினால் கோட்டிங்கையே தின்றுவிடும். அலமாரியில் கிடந்த எங்கள் கே1000-இன் லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு இழை. பிழைத்துக்கொண்டது.

அதை அடாப்டரில் மாட்டிய அன்று, எதற்காக ஏங்கிக்கொண்டிருந்தேனோ அது கைக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கனம் அதே கனம். வளையம் கெட்டியான எண்ணெயில் நகரும் அதே இழுவை. அப்பர்ச்சர் ஒவ்வொரு எண்ணிலும் விழும் அதே சொடுக்கு. சுவரில் டேப் பிடித்து பத்தடியில் நாற்காலியைப் போட்டு ஃபோகஸ் செய்தேன். வளையம் பத்தைக் காட்டவில்லை, பத்துக்கு இந்தப் பக்கமே நின்றது.

லென்ஸில் குறையில்லை, அடாப்டர் அப்படி. 29 மில்லிமீட்டர் குழாயைத் துல்லியமாகக் கடைவதற்குச் செலவாகும். கொஞ்சம் நீண்டுவிட்டால் இன்ஃபினிட்டி வராது, வாங்கினவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் விலை குறைந்த அடாப்டர்களைப் பெரும்பாலும் ஒரு நூல் குட்டையாகவே செய்கிறார்கள். குட்டையாக இருந்தால் இன்ஃபினிட்டிக்கும் அப்பால் வளையம் போகும், யாருக்கும் புகார் இல்லை. ஆனால் வளையத்தில் செதுக்கிய எண்கள் அத்தனையும் பொய்யாகிவிடும். பக்கத்து அப்பர்ச்சர் ஜோடிகளும் பழைய உண்மையைச் சொல்வதில்லை. கைக்கு அடங்கும் பிரின்டை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. இன்று திரையில் கண் இமைமுடி வரை பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு அந்த 9-லிருந்து 18 அடி என்பது ரொம்பத் தாராளமான கணக்காகத் தெரியும்.

பெரும்பாலோர் இதைக் கவனிக்க வாய்ப்பில்லை, அவர்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் பீக்கிங் இருக்கிறது. தெளிவாக விழும் விளிம்புகளில் சிவப்பு மினுங்கும், அது மினுங்கும்வரை திருப்பினால் போதும். நானும் அப்படித்தான் திருப்புகிறேன். பழைய லென்ஸ், பழைய இழுவை, ஆனால் கை செய்வது புது வேலை.

அடாப்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே மெல்லிய தகடு கொடுத்து, இன்ஃபினிட்டி சரியாக நிற்கும் வரை உயர்த்தலாம். பொறுமையாகச் செய்தால் எண்கள் மறுபடி உண்மை பேசும். செய்தேன், பேசின. வளையம் பத்து என்றால் பத்துதான். ஆனால் நாற்காலி பத்தடியில் இருக்கிறது என்று இப்போது வளையம் எனக்குச் சொல்கிறது. முன்பு நான் வளையத்துக்குச் சொல்வேன்.

இதற்காகப் புதிய லென்ஸைக் குறை சொல்லமாட்டேன். கெட்டிமேளம் கொட்டினால் கைகள் குறுக்கே பறக்கும், அட்சதை மழையாக விழும், தாலி ஏறுவது சில நொடிகள். அந்தக் கூட்டத்துக்குள் பெண்ணின் கண்ணைத் தேடிப் பிடித்து, 1.8-இல் விடாமல் நிற்கிறது. முன்பு நாங்கள் 8-இல் வைத்து ஃபிளாஷால் அடித்து வெளுத்த இடத்தில், இப்போது மேடை வெளிச்சமே போதும், முகத்தின் மஞ்சள்கூட மஞ்சளாகவே வருகிறது. நிக்கான் இசட் 50 மி.மீ., எஃப் 1.8-இல் 12 கண்ணாடிகள். எதிர்வெளிச்சத்திலும் கறுப்பு கறுப்பாக நிற்கும். பழையதை மாட்டினால் கை நடுக்கத்தைச் சமாளிக்க இது எத்தனை மி.மீ. என்று கேமராவுக்கு நானே சொல்ல வேண்டும், எந்த அப்பர்ச்சரில் எடுத்தேன் என்பதும் ஃபைலில் பதியாது. சம்பளம் வாங்கும் வேலைக்குப் பழைய லென்ஸை எடுத்துக்கொண்டு போவதில்லை. யாராவது கேட்டாலும் இதையே சொல்கிறேன்: கல்யாண ஆர்டருக்குப் புதியதை வாங்குங்கள், ஆசைக்குப் பழையதை வாங்குங்கள், டார்ச் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள்.

எனக்குப் போனது எந்த மவுன்ட்டிலும் மாட்டுவதில்லை. ஒரு மண்டபத்துக்குள் நுழைந்ததும் இது இத்தனை அடி என்று உடம்பே சொன்ன காலம் அது. அதை வளர்க்க ஒரு கல்யாண சீசன் வேண்டியிருந்தது, தப்புக்குத் தப்புக் காசு கேட்கும் பிலிம் வேண்டியிருந்தது, பக்கத்தில் நின்று திருத்த ஒருவர் வேண்டியிருந்தது. கட்டாயம் விலகியதும், தெரியாமலே உதிர்ந்துவிட்டது.

இருந்தாலும் வேலைக்கு நடுவில் என்னுடன் வரும் தம்பியிடம் சில நேரம் கேட்டுப் பார்க்கிறேன்.

"அந்தத் தூண் பக்கம் நிக்கிற பெரியவர் எத்தனை அடி தம்பி?"

அவன் கேமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "செம ஷார்ப்பா இருக்குண்ணே."

நான் கேட்டது அதையில்லை. ஆர்டர் கொடுத்தவர் கேட்கப்போவது அதைத்தான்.